கழுவி வெச்ச தரை

அந்த மெசேஜ் வந்தப்போ பூனை கணுக்கால் அளவு சாக்கடைத் தண்ணியில நின்னுட்டிருந்தா. ஒரு கையில பக்கெட், இன்னொரு கையில குப்பை அள்ளுற முறம். அள்ளி அள்ளி பக்கெட்ல ஊத்திட்டிருக்கும்போது பாக்கெட்டுக்குள்ள போன் துடிச்சுது. கையைத் துணியில துடைச்சுட்டு எடுத்துப் பாத்தா. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்னு போட்டிருந்துச்சு.

படிச்சா. கீழ தண்ணியைப் பாத்தா. மறுபடி படிச்சா. இது மூணாவது தடவை.

பூனைங்கறது வீட்டுல வெச்ச பேரு. நடந்தா சத்தம் வராது, பேசினா அதைவிட வராது. ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்துல படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. அங்க ஒரு நாளைக்கு பத்து வார்த்தை பேசினா அதிகம். அப்படிப்பட்டவளுக்கு அன்னிக்குக் காலையில காதுக்குள்ள ஜிவ்வுன்னு ரத்தம் ஏறுற சத்தம் கேட்டுச்சு.

அக்கா, மாமா, பத்து மாசக் குழந்தை, இவ. நாலு பேரும் மூணு மாடிக் கட்டடத்தோட கீழ்த்தளத்துல, பின்பக்கத்து வீட்டுல இருந்தாங்க. மேல அஞ்சு குடும்பம். காலையில ஆறு மணிக்கு அஞ்சு வீட்டுலயும் குளிக்க ஆரம்பிச்சா, ஆறரைக்கு இவங்க பாத்ரூம் ஓட்டை கொப்பளிக்கும். மேல யாரு என்ன கழுவினாலும் எல்லாம் இவங்க வீட்டுக்குத்தான் வரும், அழைப்பிதழ் வெச்ச மாதிரி. ஹாலைத் தாண்டி கட்டில் கால் வரைக்கும் வந்து ஒரு மணி நேரம் நிக்கும். அப்புறம் யாரோ சொன்ன மாதிரி அதுவா இறங்கிப் போயிடும்.

குழந்தையைக் குட்டின்னு கூப்பிடுவாங்க. தண்ணி வர ஆரம்பிச்சதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் குட்டி தவழக் கத்துக்கிச்சு. ஒரு வாரம் தவழ்ந்துச்சு. ரெண்டாவது வாரம் வாந்தி, பேதி, ஆஸ்பத்திரி. டாக்டர் ரெண்டே விஷயம் சொன்னாரு. இன்னொரு தடவை இப்படி வந்தா அட்மிட் பண்ணித்தான் ஆகணும், குழந்தை உடம்புல தாங்குற சக்தி இல்ல. ரெண்டாவது, தரையில விடாதீங்க. அன்னிலேர்ந்து குட்டிக்குக் கட்டில்தான் உலகம். கட்டிலுக்கு அடியில செங்கல் வெச்சு உயர்த்தி, சுத்தித் தலைகாணி வெச்சு அணை கட்டியிருந்தாங்க. அது தலைகாணியைப் பிடிச்சுட்டு கீழ பாத்துக் கத்தும். மூணு வாரமா அதே கத்தல்தான்.

பூனை பக்கெட்டை வெளியில கொட்டிட்டு வந்து அரைநாள் லீவு கேட்டு சூப்பர்வைசருக்கு போன் பண்ணா. அந்தம்மா ஏன்னு கேட்டதுக்கு, கவுன்சில் ஆபீஸ்ல ஒருத்தரைக் கொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. உடம்பு சரியில்லன்னு சொன்னா.

ஆபீஸ்ல டோக்கன் அறுபத்திநாலு. முன்னாடி நாப்பது பேர். மூணாம் கவுண்டர்ல உக்காந்திருந்த கிளார்க் மேசை மேல ஒரு குட்டி ஃபேன் வெச்சிருந்தாரு, காத்து அவரு ஒருத்தர் மூஞ்சிக்கு மட்டும் போற மாதிரி திருப்பி. சாக்கடைன்னு இவ வாயெடுத்ததும் ரெண்டாவது மாடின்னாரு. ரெண்டாவது மாடியில, தண்ணி வர்றது மதிலுக்கு உள்ளயா வெளியிலயான்னு கேட்டாங்க. உள்ளன்னு சொன்னா. உள்ளன்னா அது ஹவுஸ் ஓனர் பொறுப்பு, அவர்கிட்ட கேளுன்னு அனுப்பிட்டாங்க. மாடிப்படியில நின்னு ஹவுஸ் ஓனருக்கு போன் போட்டா. அடைப்பு வெளியில இருக்கு, வெளியில இருக்கறதுக்கு நான் என்ன பண்ண முடியும், அப்படின்னு ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வான்னாரு. மறுபடி ஏறிப் போனா. ஆபீஸ்ல, உள்ள இல்லன்னு ஓனர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வான்னாங்க. ரெண்டு பேரும் ஒரே வாய்க்கு ரெண்டு உதடு மாதிரி பேசினாங்க. இவ அந்தப் படியில ஏறி இறங்கினதைச் சேத்துக் கட்டியிருந்தா வானத்துக்கே போயிருப்பா.

திரும்ப மூணாம் கவுண்டர். இந்தத் தடவை டோக்கன் எடுக்கல. நேரா போய் நின்னா. மூணு தடவை புகார் குடுத்தோம், மூணு தடவையும் முடிஞ்சிடுச்சுன்னு மெசேஜ் வருது, யாரு முடிச்சது, எப்படி முடிச்சாங்கன்னு கேட்டா.

கிளார்க் பெருமூச்சு விட்டு, புகார் நம்பரைத் தட்டி, ஸ்க்ரீனை அவ பக்கம் திருப்பினாரு. சும்மா எங்களைத் திட்டாதம்மா, எங்க ஆளு மூணு தடவை உங்க வீட்டுக்கு வந்திருக்காரு, பாருன்னாரு.

பாத்தா.

தரை காய்ந்து சுத்தமாக உள்ளது. துர்நாற்றம் இல்லை. தற்போது பிரச்சனை இல்லை என்று வீட்டில் குடியிருப்பவர் தெரிவித்தார். புகார் முடிக்கப்படுகிறது. மூணு தேதி, மூணு தடவை, அதே வரிங்க. கீழ போட்டோ வேற. பளபளன்னு அவங்க வீட்டு ஹால். புதுப் பாய் விரிச்சிருக்கு. மூலையில குட்டியோட கிலுகிலுப்பை. படத்தோட ஓரத்துல, அக்கா அந்த ஆளுக்குக் குடுத்த டீ கப்புல பாதி.

பூனைக்கு இப்பத்தான் புரிஞ்சுது. ஆள் வர்றதுக்கு முன்னாடி நாள் சாயங்காலமே மெசேஜ் வந்துடும், நாளை பதினோரு மணிக்கு வருகைன்னு. தண்ணி ஏழரைக்கு இறங்கிடும். அக்கா எட்டு மணிக்கு பிரஷ்ஷை எடுத்தாள்னா பத்தரைக்குத்தான் நிமிருவா. பினாயில் ஊத்தி, தேச்சு, துடைச்சு, ஜன்னலைத் திறந்து, நல்ல பாயை எடுத்து விரிச்சு. வீட்டுக்கு ஒரு ஆபீசர் வர்றாரு, எப்படி அப்படியே போட்டு வைக்கிறது? பூனை அந்த நேரம் வேலையில இருப்பா. அக்கா கழுவுவான்னு அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அது தப்புன்னுதான் தோணல. வந்த ஆளு, இப்ப எப்படி இருக்குன்னு கேட்டிருப்பாரு. மாமா கையைக் கட்டிட்டு என்ன சொல்லியிருப்பாருன்னு அவளுக்குக் காதுல விழுந்த மாதிரி கேட்டுச்சு. இப்ப பரவாயில்லைங்க சார். யார் என்ன கேட்டாலும் மாமாவுக்கு அது ஒண்ணுதான் பதில். காய்ச்சல்ல கிடந்தாலும் பரவாயில்லைங்க.

"காலையில ஆறரைக்கு வந்து பாக்கச் சொல்லுங்க"ன்னா.

"ஆபீஸ் ஒன்பது மணிக்குத்தாம்மா."

"அது சாக்கடைக்குத் தெரியாதே சார்."

பின்னாடி வரிசையில யாரோ சிரிச்சாங்க. கிளார்க்குக்கு மூஞ்சி மாறிடுச்சு. ஒரே விலாசத்துல மூணு தடவை முடிச்ச புகாரை முப்பது நாளைக்குத் திறக்க கம்ப்யூட்டர் விடாதுன்னாரு. முப்பது நாள். உங்களுக்கு மேல யாரு இருக்காங்கன்னு கேட்டா. எனக்கு மேல நிறைய பேர் இருக்காங்க, அதுக்கு மேல கூரை இருக்குன்னாரு. இப்ப வரிசை அவரு பக்கம் சிரிச்சுது. கவுன்சிலரைப் பாக்கலாமான்னு கேட்டா. உனக்கு இங்க ஓட்டு இருக்கான்னு கேட்டாரு. இல்லைன்னு சொன்னா. அப்புறம் கவுன்சிலர் உனக்கு எதுக்குன்னு சொல்லிட்டு ஃபேனை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாரு.

அங்கேர்ந்து வந்து மாடிப்படிகிட்ட நின்னு அழுதா. அழுகைன்னு சொல்ல முடியாது. பல்லைக் கடிச்சுட்டு நின்னா, கண்ணு பாட்டுக்கு ஒழுகுச்சு. கண்ணைத் துடைக்கும்போதுதான் சுவத்துல இருந்த பலகை தெரிஞ்சுது. காலையிலேர்ந்து ஆறு தடவை அதைத் தாண்டிப் போயிருக்கா. வார்டு வாரியா கவுன்சிலர் பேரு, எந்தக் கிழமை, எந்த இடம். இவங்க தெரு இருக்கற வார்டுக்கு செவ்வாய்க்கிழமை, அஞ்சு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும், நூலகத்துப் பக்கத்து அறை. வார்டுல வசிக்கற எல்லாரும் வரலாம்னு கீழ எழுதியிருந்துச்சு. ஓட்டு போடறவங்கன்னு இல்ல, வசிக்கறவங்க. அதை ரெண்டு தடவை விரல் வெச்சுப் படிச்சா. அன்னிக்குச் செவ்வாய்.

மத்தியானம் வேலைக்குப் போயிட்டு, மடிச்ச விரிப்பையே மறுபடி மடிச்சுட்டு, அஞ்சடிக்க நூலகத்துக்கு ஓடினா. கவுன்சிலர் ஒரு அம்மா. பிளாஸ்டிக் மேசை, பிஸ்கட் பாக்கெட், ஒரு நோட்டு. இவளுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆளு, தெருவிளக்கு பத்திப் பேசிட்டு எந்திரிச்சுப் போனாரு. பூனை எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டினா. அவ வாழ்க்கையில அவ்வளவு நீளமா பேசினதில்ல. அந்தம்மா நடுவுல தலையாட்டல, உச்சுக் கொட்டல, பிஸ்கட் கடிச்சுட்டே கேட்டாங்க.

முடிச்சதும் சொன்னாங்க. "நீ சாக்கடைன்னு சொல்லியிருக்க. சாக்கடைன்னா குழாய் பிரிவு. அவங்க குழாயைப் பாப்பாங்க, அது யாரோடதுன்னு சண்டை போடுவாங்க, அத்தோட சரி. வீட்டுக்குள்ள கழிவுத்தண்ணி வருது, பத்து மாசக் குழந்தை இருக்குன்னு சொல்லணும். அது சுகாதாரப் பிரிவு. குழாய் யாரோடதா இருந்தாலும் அவங்களுக்குக் கவலையில்ல. ஓனருக்கும் குழாய் பிரிவுக்கும் ஒரே நாள்ல நோட்டீஸ் குடுப்பாங்க. காலையில ஆறரைக்கும் வருவாங்க, வரச் சொன்னா."

"இதை அந்த கவுண்டர்ல ஏன் யாருமே சொல்லல?"

"நீ அதைக் கேக்கலையே."

பூனைக்கு அந்தப் பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கி எறியலாம்னு இருந்துச்சு. எந்தக் கதவைத் தட்டணும்னு தெரிஞ்சவனுக்குத்தான் கதவு திறக்கும்னா, தெரியாதவன் வீட்டுலதானே தண்ணி நிக்குது? அதை அப்படியே சொல்லவும் சொல்லிட்டா. அந்தம்மா நோட்டைத் திறந்து, புகார் நம்பர் சொல்லுன்னாங்க, தேதி சொல்லு, தண்ணி நிக்கற போட்டோ இருந்தா காட்டு, போட்டோ இல்லாம நான் போன் பண்ணா இதே பளபளப்புப் படத்தை எனக்கே அனுப்புவாங்கன்னாங்க.

போட்டோ. அந்தக் கண்றாவியை யாரு போட்டோ எடுப்பா? போன் பூரா குட்டிதான். தினமும் காலையில குட்டியை ஒரு போட்டோ எடுத்து ஊர்ல இருக்கற அம்மாவுக்கு அனுப்பறது பூனையோட வேலை. இல்லைங்கன்னு சொல்ல வாயெடுத்தவ அப்படியே நின்னுட்டா.

அனுப்பறதுக்கு முன்னாடி தினமும் படத்தோட கீழ்ப்பாதியை வெட்டிடுவா. அம்மா பாத்தா கவலைப்படுவாங்கன்னு. வெட்டாத படம் அப்படியே போன்ல இருந்துச்சு. மேல தலைகாணியைப் பிடிச்சுட்டு பல்லு ரெண்டு தெரிய குட்டி. கீழ செங்கல், செங்கல்ல பாதி வரைக்கும் கறுப்புத் தண்ணி, அதுல மிதக்கற ஒரு செருப்பு. ஆறு நாப்பது. ஆறு முப்பத்தஞ்சு. ஆறு அம்பது. இருபத்தியொரு நாள், இருபத்தியொரு படம். அக்கா தரையைக் கழுவினா. இவ படத்தைக் கழுவியிருக்கா. கவுண்டர்ல நின்னப்போ அக்கா மேல வந்த கோவத்துல பாதி இப்ப இவ மேலயே திரும்புச்சு.

அந்தம்மா படம் ஒண்ணொண்ணா தள்ளிப் பாத்தாங்க. எல்லாத்தையும் தன் போனுக்கு அனுப்பிக்கிட்டு, ஒரு நம்பரைப் போட்டாங்க. அந்தப் பக்கம் எடுத்தவங்ககிட்ட வணக்கம்கூட சொல்லல. நாளைக்குக் காலையில ஆறரைக்கு ஆள் வரணும்னு மட்டும் சொன்னாங்க. வெச்சுட்டு பூனையைப் பாத்து, நாளைக்கு ஆள் வந்து பாக்கற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணியைத் தொடக்கூடாதுன்னாங்க.

வீட்டுல பூனை அதைச் சொன்னதும் அக்கா பொங்கிட்டா.

"வர்றவங்க முன்னாடி மலத்துல நிக்கச் சொல்றியாடி என்னை? நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க? இவங்கெல்லாம் இப்படித்தான்னு நினைக்க மாட்டாங்களா?"

"இப்ப மட்டும் என்ன நினைச்சிருக்காங்க? பொய் சொல்றோம்னு எழுதி வெச்சிருக்காங்க. மூணு தடவை."

அக்கா குட்டிக்குத் துணி மாத்திட்டே இருந்தா, மாத்தின துணியையே மறுபடி மாத்தினா. மாமா சுவத்தோரமா நின்னு, நான் மரியாதைக்குத்தான் சொன்னேன், ஒருத்தர் நம்ம வீடு தேடி வந்திருக்காரு, எடுத்த எடுப்புல குறை சொல்ல முடியுமான்னாரு. அவரைத் திட்டணும்னு வந்துச்சு பூனைக்கு. மூணு வருஷம் முன்னாடி இந்த வீட்டுல இவளுக்கு இடம் குடுத்தப்போவும் அவரு சொன்னது அதே வார்த்தைதான், பரவாயில்ல, வரட்டும்னு. அதனால வாயை மூடிக்கிட்டா. ஆனா படுக்கறதுக்கு முன்னாடி பிரஷ், பினாயில், துடைப்பம், பக்கெட் எல்லாத்தையும் எடுத்து வெளிய மீட்டர் அறையில வெச்சுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டா. அக்கா அதைப் பாத்தா. பாத்துட்டுச் சொன்னா, "நல்லா வளத்தேன்டி உன்னை."

காலையில ஆறு இருபதுக்கு பாத்ரூம் கொப்பளிச்சுது. ஆறரைக்கு ஹால் நிறைஞ்சுது. யாரும் வரல. ஆறே முக்கால். அக்கா குட்டியை இடுப்புல வெச்சுக்கிட்டு கட்டிலோரம் நின்னா, கை துடைப்பத்தைத் தேடித் தேடி வெறும் காத்தைப் பிடிச்சுது. ஏழு மணி. தண்ணி அசையாம நின்னுச்சு. ஏழு பத்துக்கு மெதுவா இறங்க ஆரம்பிச்சுது. பூனை வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தா, நடக்கும்போது தண்ணி சளக் சளக்குன்னுச்சு. வாழ்க்கையில முதல் தடவையா அவ நடந்தா சத்தம் கேட்டுச்சு. போய்த்தொலையாதன்னு ஒரு சாக்கடையைப் பாத்துக் கெஞ்சற நிலைமை வேற யாருக்காவது வந்திருக்குமான்னு தெரியல.

ஏழே காலுக்கு சுகாதார ஆபீசர் வந்தாரு. சின்ன வயசுதான், புது ஷூ. வாசப்படியிலயே நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டு எட்டிப் பாத்தாரு. கவுன்சிலர் போட்டோ அனுப்பியிருக்காங்க, அதுவே போதும், நான் இங்கேர்ந்தே எழுதிக்கறேன்னாரு.

பூனை வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா பேசிட்டா. சத்தம் போடல.

"உள்ள வாங்க தம்பி. இவளை எங்க இறக்கி விடறதுன்னு நீங்களே காட்டுங்க. ஒரு சாண் இடம் காட்டினாப் போதும்."

குட்டி வழக்கம்போல கீழ பாத்துக் கைய நீட்டிக் கத்துச்சு. அந்த ஆளு குட்டியைப் பாத்தாரு. தன் ஷூவைப் பாத்தாரு. அப்புறம் இறங்கி வந்தாரு. அக்கா அவரை ஹால், பாத்ரூம், அடுப்படின்னு ஒரு இடம் விடாம கூட்டிட்டுப் போனா. அவ மூஞ்சி சிவந்து கிடந்துச்சு. வெட்கம் ஒரு பக்கம், கோவம் ஒரு பக்கம். தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு செங்கல்ல இருந்த கறையைத் தொட்டுக் காட்டினா. டீ வேணுமான்னு கேக்கல.

கடைசியா அவரு பேனாவை எடுத்துட்டு மாமா பக்கம் திரும்பினாரு. படிவத்துல அந்தக் கேள்வி இருக்கு போல. தற்போது பிரச்சனை உள்ளதான்னு கேட்டாரு.

மாமா கையைக் கட்டினாரு. உதடு அந்தப் பழைய வார்த்தைக்குக் குவிஞ்சுது. மாமா கட்டின கையைப் பிரிச்சாரு.

"இருக்கு"ன்னாரு. அப்புறம், "நிறைய இருக்கு."

எழுதினதை வாசிச்சுக் காட்டிட்டுப் போங்கன்னு பூனை கேட்டா. அவரு வாசிச்சாரு. ஏழு இருபதுன்னு நேரம் போடலையேன்னு கேட்டா. போட்டாரு. அந்தத் தாளை அவ போட்டோ எடுத்துக்கிட்டா.

நோட்டீஸ் அன்னிக்கே ரெண்டு பேருக்கும் போச்சு. மூணாம் நாள் லாரி வந்து தோண்டினாங்க. குழாய் உடைஞ்சிருந்த இடம் சரியா மதிலுக்கு அடியில, உள்ளயும் இல்லாம வெளியிலயும் இல்லாம. ஹவுஸ் ஓனரும் குழாய் பிரிவு ஆளும் குழிக்கு ரெண்டு பக்கம் நின்னு, இது உங்க பக்கம்தான் அதிகம்னு இன்னும் பேசிட்டிருந்தாங்க. லாரிக்காரரு, ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நின்னா நான் வேலையை முடிச்சுட்டுப் போயிடுவேன்னாரு.

நாலு நாள் காலையில காத்திருந்தாங்க. பாத்ரூம் வாயே திறக்கல. அஞ்சாவது நாள் அக்கா பூனைகிட்ட சாவியை வாங்கி மீட்டர் அறையைத் திறந்து பிரஷ்ஷை எடுத்தா. யாருக்காகவும் இல்லாம, யாரும் வர்றதா இல்லாத ஒரு மத்தியானத்துல, ரெண்டு மணி நேரம் தேச்சா. தரை காய்ஞ்சதும் குட்டியை இறக்கி விட்டா. குட்டி நாலு கால்ல நின்னு, ஒரு நிமிஷம் யோசிச்சு, நேரா அந்த பாத்ரூம் கதவுகிட்டயே தவழ்ந்து போய் அதைப் படார் படார்னு அடிச்சுது.

பூனை போட்டோ எடுத்தா. அம்மாவுக்கு அனுப்பினா. கூடவே அந்த இருபத்தியொரு படத்தையும், எதையும் வெட்டாம.

அடுத்த நிமிஷமே போன் அடிச்சுது. ஸ்பீக்கர் போட வேண்டிய அவசியமே இல்ல, அம்மா குரல் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. தினமும் எப்படி இருக்கீங்கன்னு கேட்டேனே, தினமும் பரவாயில்லம்மான்னு சொன்னீங்களே, நான் யாரு, அந்த ஆபீஸ்காரனாடின்னு ஆரம்பிச்சாங்க. அக்கா பிரஷ்ஷோட வந்து நின்னா. மாமா மெதுவா வாசப்பக்கம் நழுவப் பாத்தாரு, அம்மா அவரையும் பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. முக்கால் மணி நேரம் திட்டினாங்க. நியாயமான திட்டு. மூணு பேரும் வரிசையா நின்னு வாங்கிக்கிட்டாங்க, குட்டி பாட்டுக்குக் கதவை அடிச்சுட்டே இருந்துச்சு.